அக்காவின் முதுகும் நான்கு டயர்களின் காற்றும்

ஒருவருடைய வலியைக் குறைப்பதற்காக, அவரையும் சாலையில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத மனிதர்களையும் எந்த அளவுக்கு ஆபத்துக்குள் இழுத்துவிடலாம்? சமூகப்பணி படித்த காலத்தில் தேர்வுத்தாளில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதியிருப்பேன். அது வாழ்க்கையில் வந்தபோது பதிலை ஒற்றை எண்ணாகச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்திரண்டா, முப்பதா, இருபத்தாறா? டயரில் அடிக்க வேண்டிய காற்றின் அளவு அது.

கார் அக்காவுடையது. காக்கநாட்டு ஐ.டி. வளாகத்தில் அவளுடன் வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது அவளிடம் விற்றுவிட்டுப் போனார். தாழ்வான, கறுப்பு நிற வண்டி. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் அது நுழையும்போது இருபுறமும் ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். அதற்கு ஸ்டெப்னி கிடையாது. டிக்கியில் ஸ்டெப்னி வைப்பதற்கான பள்ளமும் கிடையாது. அதில் இருந்தவை ரன்-ஃப்ளாட் டயர்கள். பஞ்சராகிக் காற்று முழுவதும் போய்விட்டாலும் பக்கச்சுவரின் விறைப்பிலேயே நின்று, பழுது பார்க்கும் இடம் வரைக்கும் ஓடக்கூடியவை. தனியாக ஓட்டிப்போகும் தனக்கு நடுவழியில் டயர் மாற்றும் வேலை இருக்காது என்பதற்காகவே அக்கா அந்த வண்டியை விரும்பி வாங்கினாள்.

போன மழைக்காலத்தில் மொட்டைமாடிப் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே திருகுகள் வைத்தார்கள். நான்கு மாதம் படுக்கையிலும் வீட்டுக்குள்ளுமாகக் கழிந்தது. அதன் பிறகு அலுவலகத்திலிருந்து கனிவான சொற்களில் ஒரு கடிதம் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வர வேண்டும். இயலாது என்றால், அவள் நடத்திவந்த குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டிலிருந்து செய்யக்கூடிய சிறு பணி எதையாவது ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் குழுவில் இருந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து வேலை பழக்கியவள் அவள். கடிதத்தைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

"கிடந்து கிடந்து போதும்டீ. நான் போறேன்."

இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். காலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம். ஆட்டோவில் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மெட்ரோ எங்கள் பக்கம் வருவதில்லை. வாடகைக் காரில் இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். பள்ளத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆகவே நான் ஓட்டுவது என்று முடிவானது. எர்ணாகுளத்தில், வெளியூர்த் தொழிலாளர்களின் தங்குமிடங்களைப் பார்வையிட்டு அறிக்கை தயாரிக்கும் ஒரு சிறிய அமைப்பில் எனக்கு வேலை. அந்த மூன்று நாளும் என் வேலை நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது, பிறகு என் அலுவலகம், மாலையில் மறுபடியும் காக்கநாடு, அங்கிருந்து வீடு. அந்த மாதங்களைப் பற்றி யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது களைப்புதான். மீதியெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

முதல் நாள் வழியில் தோப்பும்படி சந்திப்பைத் தாண்டுவதற்குள்ளேயே புரிந்துவிட்டது. ரன்-ஃப்ளாட் டயரின் விறைப்பு சாலையில் இருக்கும் எதையும் விழுங்குவதில்லை. அப்படியே மேலே அனுப்பிவிடுகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சை அடக்கினாள். காக்கநாட்டில் இறக்கிவிடும்போது நான் கேட்டேன், "பூஜ்யம்னா வலியே இல்லை, பத்துன்னா தாங்கவே முடியாது. இப்போ எவ்வளவு?"

"ஏழு," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னையும் சர்வே எடுக்கத் தொடங்கியாச்சா?" என்றாள்.

ஆமாம், தொடங்கிவிட்டேன். எதையும் எண்ணாக மாற்றிக் குறித்து வைத்தால் அதற்கு ஏதாவது செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை என் படிப்பு எனக்குத் தந்தது.

கொச்சங்காடியில், பழைய கிடங்குகளுக்கு நடுவில், எங்களுக்குத் தெரிந்த ஒரு டயர்க் கடை இருக்கிறது. கடைக்காரர் கோயம்புத்தூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மலையாளி. அங்கே கற்ற தமிழை எங்களிடம் பேசிக் காட்டுவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. டயரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கல்லு மேல உக்கார வச்சா மோளே சேச்சியக் கொண்டு போனீங்க? பாவமுங்க."

அதே அளவில் சாதாரண டயர்கள் நான்கை மாற்றிக்கொடுத்தார். ஸ்டெப்னி இல்லாத குறைக்குப் பஞ்சர் ஒட்டும் சாமான்களும், காரின் மின்சாரத்திலேயே இயங்கும் சிறிய காற்றடிக்கும் கருவியும் வாங்கி டிக்கியில் வைத்தேன். எல்லாம் முடிந்தபோது, காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டினார்.

"எழுதி ஒட்டியிருக்குதில்ல? முன்னால முப்பத்திரண்டு, பின்னால முப்பத்தஞ்சு."

"அது ரன்-ஃப்ளாட்டுக்கு எழுதினது இல்லையா?"

"ஸைஸ் அதேதானுங்க. வண்டி வெயிட்டும் அதேதான். டயர மாத்துனா வண்டி மெலிஞ்சு போகுமோ?" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் அக்கா நான்கு என்றாள். ஏழிலிருந்து நான்கு! கைப்பிடியை அவள் ஒரு முறைகூடப் பற்றவில்லை. அந்த நாளோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டயரை மாற்றியதில் மூன்று குறைந்ததென்றால், காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் ஒன்று குறையாதா என்று மனம் கணக்குப் போட்டது. இணையத்தில் தேடினேன். சாதாரண டயருக்குப் பக்கச்சுவர் மெலிது, அதனால் இரண்டு கூட்டி வையுங்கள் என்றார் ஒருவர். கதவில் ஒட்டியிருப்பதே ரன்-ஃப்ளாட்டுக்கென்று கூட்டி எழுதிய அளவு, மூன்று குறையுங்கள் என்றார் இன்னொருவர். கதவில் இருப்பதைத் தொடாதீர்கள் என்றார்கள் வேறு பலர். எல்லோரும் உறுதியாகவே சொன்னார்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து, கூட்டினால் என்ன விளைவு, குறைத்தால் என்ன விளைவு என்று எழுதினேன். கூட்டினால் வலி அதிகமாகும். குறைத்தால் டயர் சூடேறும், ஓரங்கள் தேயும், மழையில் பிடிப்பு குறையும், பள்ளத்தில் ரிம் அடிபடும். அக்கா அதை எட்டிப் பார்த்தாள்.

"காத்துக்குக்கூட மினிட்ஸ் எழுதறவ இந்த மட்டாஞ்சேரியில நீ ஒருத்திதான்."

இரண்டாவது பத்தி நீளமாக இருந்தது. இருந்தும் நான் குறைத்தேன். ஏனென்றால் முதல் பத்தியில் இருந்த ஒரே வரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

அலுவலக நாட்களில் விடியற்காலையில், டயர்கள் ஆறியிருக்கும்போது, சந்தில் மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரமாக அளந்தேன். கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வரும். சுமை இறக்க வந்த லாரிக்காரர்கள் நான் எழுந்து வழிவிடும்வரை ஹாரன் அடிப்பார்கள். முதலில் நான்கிலும் முப்பது வைத்தேன். மாலையில், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். "மூணரை." இருபத்தெட்டுக்கு இறக்கினேன். "மூணு." இருபத்தாறு. அன்று அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு வச்சுக்கோ," என்றாள். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு எண்களும் கைகோத்துக்கொண்டு இறங்கின. அவ்வளவு ஒழுங்கான ஒரு முடிவு என் வேலையில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இடையில் இன்னொரு காரியமும் செய்தேன். காற்று குறைந்தால் எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு ஒன்று அந்தக் காரில் உண்டு. இருபத்தாறுக்கு இறக்கிய வாரத்தில் அது எரியத் தொடங்கியது. இப்போது இருக்கும் காற்றே சரியான அளவு என்று வண்டிக்குச் சொல்லிவைப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. டயர் மாற்றினால் அழுத்துவதற்காக வைத்தது. அதை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. என் தவற்றையே அளவுகோலாக வண்டிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. விளக்கு அணைந்ததில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒருநாள் டயர்க் கடைக்காரர் கடையிலிருந்தே கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"என்ன மோளே, டயரு வயிறு தள்ளி நிக்குது? எத்தன வச்சிருக்கீங்க?"

சொன்னேன். அக்காவின் வலியையும், நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பழைய டயரு காத்தே இல்லாட்டியும் நிக்கும். இது காத்துலதான் நிக்குது. அந்தப் பழக்கத்துல இத ஓட்டாதீங்க."

"மழைக்கு முன்னாடி ஏத்திடறேன்," என்றேன். மழை வந்தது. நான் ஏற்றவில்லை. ஏற்றினால் அக்காவின் எண்ணும் ஏறும், எண் ஏறினால் ஒருநாள் அவள் போக முடியாமல் வீட்டில் தங்குவாள், ஒருநாள் இரண்டாகும், குழு வேறொருவர் கைக்குப் போகும். இப்படி ஒரு சங்கிலி என் தலைக்குள் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. விளைவுகளை எண்ணிப் பார்ப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. உண்மையில் நான் ஒரு பக்கத்து விளைவுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

குண்டன்னூர் சந்திப்புக்குச் சற்று முன்னால் அது நடந்தது. காலை நேரம், நல்ல மழை. வேகம் அதிகமில்லை. முன்னால் சைக்கிளில் ஒருவர், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பின்னால் கொத்தனார் கரண்டியும் சாப்பாட்டுத் தூக்கும் கட்டிக்கொண்டு போனார். தேங்கிய நீரைக் கண்டு அவர் சட்டென்று காலை ஊன்றினார். நான் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் ஒரு நொடி கையில் எடையற்றுப்போயிற்று. வண்டி நீரின் மேல் மிதப்பதைப் போல முன்னே போய், அவருடைய பின்சக்கரத்தின் மட்கார்டை முட்டி நின்றது. சைக்கிள் சாய்ந்தது. தூக்கு உருண்டோடி, தண்ணீரில் சோறு மிதந்தது. அக்கா "அம்மா!" என்று அலறினாள்.

மழையில் இறங்கி ஓடினேன். "அடி பட்டிருக்கா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே பதிலும் தமிழில் சொன்னார்.

"அடியெல்லாம் இல்ல. ஏக்கா, வண்டியில பிரேக்கு இல்லியா?"

"இருக்குண்ணே. டயர்ல காத்து கம்மி. அதான்…"

"கம்மின்னு தெரிஞ்சேதான் ஓட்டிக்கிட்டு வர்றீங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஓட்ட சைக்கிளுக்கே நான் தெனம் காலையில காத்துப் பாத்துட்டுத்தான் ஏறுறேன்."

நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம்க்கா, சைட்டுக்கு நேரமாச்சு. அந்தக் காத்த மொதல்ல அடிங்க," என்று சொல்லிவிட்டு, வளைந்த மட்கார்டைக் காலால் ஓர் உதை உதைத்து நேராக்கி, ஏறிப் போய்விட்டார். என் அமைப்பின் அறிக்கைகளில் நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களில் ஒருவர் அவர். காற்றுக் குறைவினால்தான் வண்டி வழுக்கியது என்று என்னால் நிரூபிக்க முடியாது; அவ்வளவு தண்ணீரில் எந்த வண்டியும் வழுக்கியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதும் என் வாயில் முதலில் வந்த காரணம் அதுதான்.

ஓரமாக ஒரு பேருந்து நிறுத்தத்தின் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அக்கா இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிரேக்கின் உலுக்கலில் முதுகு என்ன ஆயிற்றோ என்று பயந்து, என்னை அறியாமல் அதையே கேட்டேன்.

"எவ்வளவு?"

அவள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள், "அந்த எண்ணை இனி கேக்காதடீ. எனக்கு மடுத்துப்போச்சு, அலுத்துப்போச்சு."

"அக்கா, இப்போ ரொம்ப வலிக்குதா?"

"எப்பவும்போலத்தான் வலிக்கறது. நாலு. புது டயர் போட்ட அன்னைக்கும் நாலு. அதுக்கப்புறம் தினமும் நாலுதான். சில நாள் அஞ்சு."

"பின்னே மூணு, ரெண்டுன்னு சொன்னது?"

"ஜன்னல் வழியா பாப்பேன். விடியறதுக்குள்ள சந்துல மண்டி போட்டு, நாலு சக்கரத்தையும் மாத்தி மாத்தித் தடவிண்டு இருப்பே. சாயங்காலம் அந்த மூஞ்சியோட வந்து எவ்வளவுன்னு கேட்டா, பின்னே நாலுன்னு எப்படிச் சொல்றது? நாலுன்னு சொன்னா மறுநாள் இன்னும் முன்னாடி எழுந்துப்பே. காத்தைக் குறைக்கக் குறைக்க நானும் குறைச்சுச் சொன்னேன். அவ்வளவுதான். இது இப்படி வந்து முட்டும்னு எனக்குத் தெரியுமா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதற்கு வேண்டிய தெம்பு இல்லை. எனக்கு நினைவுக்கு வந்தது எர்ணாகுளத்தில் ஒரு கட்டட வேலைக்காரர்களின் தங்குமிடம். வெயிலில் நடந்துபோய், தாளும் பேனாவுமாக நின்று, தண்ணீர் போதுமானதாக இருக்கிறதா என்று கேட்டோம். எல்லோரும் போதும், போதும் என்றார்கள். திரும்பும்போதுதான் நாற்பது பேருக்கு ஒரே குழாய் என்று பார்த்தோம். வியர்த்து நிற்கிற எங்களுக்கு மனக்கஷ்டம் தரக்கூடாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும், ஆகவே எண்ணை நம்பும் முன் குழாயைப் போய்ப் பாருங்கள் என்று, புதிதாகச் சேர்பவர்களுக்கான குறிப்பில் எழுதியவளே நான்தான். என் அக்காவின் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. அவளும் நானும் ஒருவருக்கொருவர் பாரமாகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதில், நடுவில் அந்தக் கொத்தனாரின் சோறு சாலையில் கொட்டியது.

"அப்போ எதுலதான் வலி கூடறது?" என்று கேட்டேன்.

"பள்ளத்துல இல்லை. அது டயர் மாத்தினதோட போச்சு. ஒண்ணேகால் மணி நேரம் ஒரே இருப்பா இருக்கறதுலதான். நடுவுல அஞ்சு நிமிஷம் எழுந்து நின்னா மதி, அது போதும்."

"அதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ அதைக் கேக்கவே இல்லையே. எண்ணைத்தானே கேட்டே. அதோட, ஏற்கனவே லேட்டா ஆபீஸ் போறவளை வழியில நிறுத்தச் சொல்ல மனசு வரலை."

டிக்கியைத் திறந்து காற்றடிக்கும் கருவியை எடுத்தேன். அந்த மழையில், பேருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, நான்கு சக்கரத்துக்கும் கதவில் எழுதியிருந்த அளவுக்கு ஏற்றினேன். ஓடிச் சூடான டயரில் கருவி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்று தெரியும். மறுநாள் ஆறியபின் சரிபார்த்துக்கொண்டேன். அதன் பிறகே அந்த எச்சரிக்கை விளக்கின் பொத்தானை மறுபடியும் அழுத்தினேன். அன்று நான் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, குடைக்கடியில் நின்றாள். "இந்தா, நிக்கறேன் பார். இதுதான் எனக்கு வேணும்," என்றாள். அன்று அவள் அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனாள். அவளுடைய குழுவினர் அவளுக்காகக் கூட்டத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள் என்று மாலையில் சொன்னாள்.

அந்தச் சைக்கிள்காரரை அந்தச் சாலையில் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்வதற்கு, அன்றைக்கே காற்றடித்துவிட்டேன் என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அது அவருக்கு எந்த உபயோகமும் இல்லாதது.

இப்போது டயர்களில் முன்னே முப்பத்திரண்டும் பின்னே முப்பத்தைந்தும்தான் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளக்கிறேன். இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பி, வெல்லிங்டன் தீவில் மரங்களுக்கடியில் வண்டியை நிறுத்துகிறோம். அக்கா நின்றபடியே ஒரு சாயா குடிக்கிறாள். அவளுக்கு வலி குறையவில்லை. குழு அவளிடமே இருக்கிறது. நான் எண் கேட்பதை விட்டுவிட்டேன்.